அருவி ஓடினால் அணையும் லேப்டாப்

எழுதுவதற்கு உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் கிடையாது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே காது சூடாகிவிடும். இப்படிப்பட்ட ஆள் எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கிறிஸ்தவ சபையில் ஞாயிறு ஆராதனைக்குப் பாட்டு வரிகளை லேப்டாப்பிலிருந்து புரொஜெக்டர் வழியாகச் சுவரில் காட்டுவது என் பொறுப்பு. நானே கேட்டு வாங்கியது. கடைசி பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளலாம். எல்லோர் கண்ணும் சுவரில் இருக்கும், என் மேல் ஒரு கண்ணும் படாது.

இந்தச் சுகத்தில் மண் விழுந்தது ஓர் அருவியால். பாட்டுக் குழுவை நடத்தும் அக்காவுக்கு வரிகளுக்குப் பின்னால் ஏதாவது அசைந்துகொண்டே இருக்க வேண்டும். அருவி கொட்டும் வீடியோ ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் போட்ட முதல் ஞாயிறே, இரண்டாவது சரணத்தில் லேப்டாப் அணைந்து சுவர் இருண்டது. அவசரமாகப் பவர் பட்டனை அமுக்கினேன். அதற்குள் முன்வரிசைப் பெரியவர்கள் மௌன ஜெபம் என்று நினைத்துக் கண்ணை மூடிவிட்டார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் மூடினார்கள். லேப்டாப் திரும்ப எழுந்திருக்கும் வரை சபையே அசையவில்லை.

ஆராதனை முடிந்ததும் போதகர் என் கையைப் பிடித்து, "நடுவுல அந்த அமைதி ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றார்.

"சரிங்க" என்றேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த இரண்டு ஞாயிறும் அமைதி நன்றாகவே இருந்தது.

அக்கா மட்டும் ஏமாறவில்லை. "தம்பி, இன்னொருக்கா அது நின்னுச்சுன்னா நீங்கதான் முன்னால வந்து மைக்குல ஒவ்வொரு வரியாச் சொல்லோணும். பாட்டுப் புஸ்தகம் இப்ப யாருங்க கொண்டுட்டு வாராங்க?"

"அருவிய எடுத்துட்டா நிக்காதுங்கக்கா."

"அருவி இருக்கும். நீங்க பாத்துக்குங்க."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கேபிளை மாற்றினேன். தூசி ஊதினேன். சூடு ஏறுகிறதோ என்று அடியில் இரண்டு பாட்டுப் புத்தகங்களை முட்டுக் கொடுத்தேன். வரி மட்டும் என்றால் ஓடுகிறது, அருவி வந்தால் அணைகிறது. சனிக்கிழமை மதியம் காந்திபுரத்தில் ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

அங்கே இருந்த பெண் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கிராபிக்ஸ் டிரைவர்தானுங்கண்ணா. திரையில படம் ஓட்டற சாப்ட்வேர். அப்டேட்டுல புதுசு வந்து ஏறியிருக்கு, இதுக்கு ஒத்துக்கல. பழைய டிரைவரையே போட்டர்றேன்."

"பழையவரு இன்னும் இருக்காருங்களா?" என்று கேட்டுவிட்டேன். டிரைவர் என்று காதில் விழுந்தாலே மரியாதை வந்துவிடுகிறது.

"இருக்காருங்கண்ணா. உள்ளதான் உக்காந்திருக்காரு" என்றார் முகம் மாறாமல்.

மாற்றிவிட்டு, அரை மணி நேரம் அருவியை ஓட விட்டுக் காட்டினார். அணையவில்லை. "நெட்டு மட்டும் போட்டுராதீங்க. புதுசு தானா வந்து ஏறிக்கும்."

ஞாயிறு காலை அக்கா ஒரு புதுப் பாட்டை நெட்டிலிருந்து எடுக்கச் சொன்னார். ஐந்து நிமிடம்தானே என்று நெட்டைப் போட்டேன். எடுத்த பிறகு அணைக்க மறந்துவிட்டேன்.

முதல் சரணத்திலேயே அருவி நின்றது. சுவர் இருண்டது. முன்வரிசை பக்தியோடு கண்ணை மூடியது. அக்கா மூடவில்லை. மைக்கை என் பக்கம் நீட்டியபடி நின்றார்.

எப்படி நடந்து போனேன் என்று தெரியாது. வரிகள் மனப்பாடம்தான். "இறங்கி வாரும்" என்பது அடுத்த வரி. என் வாயில் வந்தது, "இறங்கி வாங்க." பிறந்ததிலிருந்து பெரியவர்களை வேறு மாதிரி கூப்பிட்டுப் பழக்கமில்லை. சபை கண்ணைத் திறந்து, ராகம் பிசகாமல் "இறங்கி வாங்க" என்று பாடியது. பயத்தில் "கிருபை தாரும்" என்பதையும் "கிருபை தாங்க" ஆக்கிவிட்டேன். அதையும் பாடினார்கள். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். நாலு சரணத்தையும் முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

வாசலில் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தினார். "ஏனுங்க, இத்தன வருசத்துல இன்னிக்குத்தான் ஆண்டவர மரியாதையாக் கூப்பிட்டிருக்கோம்."

பக்கத்தில் நின்ற அக்கா, "அடுத்த வாரம் அருவி வேண்டாங்க தம்பி" என்றார். "வெறும் நீலக் கலரே போதும். நீங்க பின்னாலயே உக்காந்துக்குங்க."

மறுநாள் தொண்டை கட்டியிருந்தது. பட்டறைக்குப் போனேன்.