கண்ணாடியில் தெரிந்த விரல்

முதல் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினால், குளித்துவிட்டு டிவி முன் உட்கார்ந்துவிடுவேன். உலகப்போர்க் காலத்து ஒற்றர் தொடர் ஒன்று, தமிழில் டப் செய்தது. நான் பத்தாவதோடு நின்றவன். பள்ளியில் எனக்குப் பிடித்த ஒரே பாடம் சரித்திரம். கதையில் சொல்லும் நகரம் அப்போது யார் கையில் இருந்தது என்று நூலகப் புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்ப்பேன். தப்பு கிடைத்தால் அன்று எனக்குப் பண்டிகைதான். யாரிடமும் சொல்ல மாட்டேன். சொல்லவும் வராது.

ஒருநாள் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள்.

"இன்னாங்க, ஒங்க ஒற்றன் ரகசியம் பேசறத எதுத்த வூட்டுல உக்காந்து கேட்டுகினு இருக்காங்க. எதிரிக்கு எதுக்கு வீண் அலைச்சல்னு நீங்களே சொல்லிடறீங்களா?"

சிரித்துக்கொண்டே சத்தத்தைக் குறைத்தேன். ஒற்றர்களின் உதடு மட்டும் அசைந்தது.

தொடர் முடிந்ததும் போனில் வயலின் கச்சேரி கேட்பது வழக்கம். ராகத்தின் பெயர் சொல்லத் தெரியாது, கேட்கத்தான் தெரியும். சில நாளாகப் பின்னால் இழையும் தம்புராவைக் காணவில்லை. பதிவு சரியில்லை என்று அழித்துவிட்டு வேறொன்று இறக்கினேன். அதிலும் இல்லை.

"தம்புரா கேக்குதா?" என்றேன்.

"கேட்டுகினேதான இருக்குது. ஏங்க?"

"சும்மாதான்."

சுரங்கத்தில் இருபது வருடமாகக் கன்வேயர் பெல்ட் பக்கத்தில் வேலை. காதில் அடைத்துக்கொள்ளக் கொடுப்பதை நான் சட்டைப் பையில்தான் வைத்திருந்தேன். அடைத்தால் கூட இருப்பவர்கள் பேசுவது புரியாது. இன்னொரு முறை 'என்ன?' என்று கேட்க எனக்குக் கூச்சம்.

அடுத்த வாரமே சுரங்கத் தொழிலாளர்களுக்கான மெடிக்கல் வந்தது. காது போனது தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று அதுவரை சரியாகத் தூங்கவில்லை.

சிறிய கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டினார் நர்ஸ். "மொதல்ல இடது காது. சத்தம் கேட்டா பட்டன அமுக்குங்கண்ணா. எவ்ளோ மெதுவா இருந்தாலும்."

ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வெளியே கருவியைத் தொடும் அவர் விரல் பக்கத்துக் கண்ணாடியில் தெரிந்தது. தொடரில் அந்த ஒற்றன் கடைக் கண்ணாடியைப் பார்த்துத்தான் பின்னால் வருகிறவனைக் கண்டுபிடிப்பான். விரல் அசைந்தபோதெல்லாம் அமுக்கினேன். நாலு தடவை. ஐந்தாவது முறை அமுக்கவில்லை. பாஸானால் நாளைக்கும் அதே பெல்ட். இப்போது தம்புரா போயிருக்கிறது, அடுத்தது வயலின்தானே?

கண்ணை மூடிக்கொண்டேன்.

கதவு திறந்தது. "நல்லாத்தான அமுக்கிட்டிருந்தீங்க? தூங்கிட்டீங்களாண்ணா?"

"இல்லம்மா. மொதல்ல அமுக்குனது கேட்டு இல்ல. ஒங்க வெரலப் பாத்து."

இதைச் சொல்வதற்குள் வியர்த்துவிட்டது. அவர் சிரித்துவிட்டு, என் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

முடிவில், "வலது காது பரவால்ல. இடதுல நெறைய போயிருக்கு. டாக்டர பாக்காம பெல்ட் பக்கம் போவாதீங்க" என்றார்.

சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை அவள் கேலி செய்யவில்லை. கச்சேரியைப் போட்டு, போனை என் வலது காதை நோக்கிக் கொண்டுவந்தாள்.

"இப்ப தம்புரா கேக்குதா?"

"இல்ல."

"இப்ப?"

அவள் கையை அமுக்கினேன்.

"நெஜமா கேட்டுச்சா? இல்ல, எம்மூஞ்சியப் பாத்து அமுக்குனீங்களா?"

கண்ணை மூடிக்கொண்டேன். "மொதல்லேந்து வை" என்றேன்.