கோவிந்தனின் மனு

எங்கள் தெரு ரொட்டிக்கடைக்காரரின் பெயர் முனுசாமி. நெற்றியில் விபூதி, கடைச் சுவரில் முருகன் படம். மொரீஷியஸ் வந்த முதல் வாரம், மகிழ்ச்சி தாங்காமல் அவரிடம் தமிழில் பேசினேன். அவர் இந்தத் தீவின் கிரியோல் மொழியில் ஏதோ சொல்லிவிட்டு இரண்டு ரொட்டிகளைக் கூடுதலாகக் கட்டிக் கொடுத்தார். பசி என்று சொன்னதாக நினைத்துவிட்டாராம். முகம் நம்முடையது, பெயர் நம்முடையது, பேச்சு மட்டும் இல்லை.

எழுபதுகளின் நடுவில் கணவருக்கு இங்கே துணி ஆலையில் வேலை கிடைத்தது. நாங்கள் கிளம்பிய அன்று அரக்கோணம் ஸ்டேஷனில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் நைனா சொன்னார்: "எங்க தாத்தா கோவிந்தன் அங்கதான் போனாருன்னு மனசு சொல்லிக்கினே கீது. தேடிப் பாரு கண்ணு."

அது வெறும் ஆசை இல்லை. மனைவி மங்கம்மா ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது கோவிந்தன் திருத்தணியிலிருந்து காணாமல் போனார். கப்பல் ஏறியிருப்பார் என்பது எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை. வயிற்றில் இருப்பது தன்னுடையது இல்லை என்று தெரிந்துதான் ஓடினான் என்பது ஊரின் பேச்சு. அந்தப் பிள்ளைதான் நைனாவின் அப்பா. பள்ளிப்பட்டில் ஒரு கல்யாணப் பந்தியில், "அப்பன் யாருன்னு தெரியாதவன்" என்று யாரோ சொன்னது காதில் விழ, நரைத்த தலையோடு அவர் இலையை விட்டு எழுந்து போனாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நைனா அதை மறக்கவேயில்லை.

இங்குள்ள ஆவணக் காப்பகத்தில் குமாஸ்தா முதலில் கேட்டது, "நிமேரோ?" நான் எங்கள் வீட்டு எண்ணைச் சொன்னேன். அவர் சிரித்தார். அந்தக் காலத்தில் தோட்டக் கூலியாகக் கப்பலில் வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. எண் இருந்தால்தான் ஆளைத் தேட முடியுமாம். என்னிடம் இருந்தவை ஊரும் பெயர்களும்தான். கிடைத்த அரை நாட்களில் எல்லாம் போய், தொட்டால் உதிரும் பேரேடுகளைப் புரட்டினேன். எத்தனையோ கோவிந்தன்கள். இரண்டாண்டுகள் கழித்து ஒரு புதன்கிழமை கண்ணில் பட்டது: கோவிந்தன், தகப்பன் சின்னப்பன், திருத்தணி.

அதோடு ஒரு மனு தைக்கப்பட்டிருந்தது. யாரையோ வைத்து ஆங்கிலத்தில் எழுதியது. "என் மனைவி மங்கம்மாவையும், நான் இன்னும் பார்க்காத என் குழந்தையையும் அடுத்த கப்பலில் வரவழைத்துத் தர வேண்டும்." கீழே கையெழுத்துக்குப் பதில் கோணலாக ஒரு கீறல். பதில் எதுவும் இல்லை. பேரேட்டின் கடைசி வரி, காய்ச்சலில் இறந்தார் என்றது. ஒரு கரும்புத் தோட்டத்தின் பெயரும் இருந்தது.

அடுத்த விடுமுறையில் முத்திரையிட்ட நகலை எடுத்துக்கொண்டு திருத்தணி போனேன். தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். நைனா கையமர்த்தினார்.

"'என் குழந்தை'ன்னே போட்டுக்கீதா?"

"ஆங், நைனா."

"இன்னொரு தபா படி."

படித்தேன். "எங்க நைனா இத்தக் கேக்காமலே பூட்டாரே" என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மறுநாள் அந்த நகலோடும் நான் தமிழில் எழுதிக் கொடுத்த தாளோடும் சொந்தக்காரர்கள் வீடு ஒவ்வொன்றுக்கும் போய்வந்தார். யாரிடமும் சண்டை போடவில்லை. படிக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

நான் கிளம்பும்போது, "எப்போ திரும்பி வந்துடுவீங்க?" என்று வழக்கமாகக் கேட்பவர் கேட்கவில்லை. "இரும்மா அங்கயே. தாத்தாவுக்கு அங்க நம்மள உட்டா யாரு கீறாங்க?" என்றார்.

ஆடி அமாவாசை அன்று அந்தத் தோட்டத்துக்குப் போனேன். அவரைப் புதைத்த இடம் யாருக்கும் தெரியவில்லை. வரப்பில் கற்பூரம் ஏற்றினேன். கடலுக்கு அப்பால் திருத்தணி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட வேண்டுமானால் கரும்புக்கு முதுகு காட்ட வேண்டும். கரும்பைப் பார்த்தால் கடலுக்கு. இரண்டு பக்கமும் ஒருமுறை திரும்பிக் கும்பிட்டேன்.