மஞ்சளும் ரோஸும்

போன திங்கட்கிழமை எங்கள் ஆஸ்பத்திரி மருந்துக் கடை ஜன்னலில் வழக்கம்போல் கையை நீட்டினேன்.

"ஜெயந்தி, மஞ்சள்ல பத்து, ரோஸ்ல பத்து குடும்மா."

மருந்து எடுத்துக் கொடுக்கும் ஜெயந்தி எதையும் எடுக்கவில்லை. வீங்கியிருந்த என் கால்களையே பார்த்தாள்.

"யாருக்குங்க ஆயாம்மா?"

"எனக்குத்தான். மஞ்சள் முட்டிக்கு, ரோஸ் இடுப்புக்கு."

"எந்த டாக்டர் எழுதினது?"

"நாந்தான்!"

சிரிப்பாள் என்று பார்த்தேன்... சிரிக்கவில்லை.

"ரெண்டும் ஒரே வலி மாத்திரைங்க. கம்பெனிதான் வேற. எத்தன மாசமா முழுங்கறீங்க?"

ஆடியில் ஆரம்பித்தது. இப்போது தை.

நான் இங்கே வார்டு ஆயா. வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். எங்களுக்குள் மாத்திரைக்குப் பேர் கிடையாது — நிறம்தான். நர்ஸ், லேப்காரர், வாட்ச்மேன் என்று ஆளுக்கொரு நிறம். சீட்டு போட்டு வரிசையில் நிற்பது நோயாளிகள் வேலை. நமக்கெதற்கு?

உண்மையைச் சொன்னால், எனக்கு வெட்கம். தினம் நான் டீ கொண்டுபோய் வைக்கிற டாக்டர் முன்னால் முட்டியைக் காட்டுவதா? வாரா வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதும்போது வராத கூச்சம் எனக்கு வாயைத் திறந்தால் வந்துவிடும். கால் வீங்கியது. நின்று நின்று வீங்குகிறது என்று நானே முடிவு செய்து, இன்னொரு மஞ்சளைச் சேர்த்துக்கொண்டேன்!

ஜெயந்தி எழுந்து வந்து ஓ.பி. சீட்டு போட்டு என் கையில் திணித்தாள். முனியம்மா, 63, பெண். எத்தனை பேர் சீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன்... என் பேர் போட்டது இதுதான் முதல்.

"போய் வரிசையில நில்லுங்க. ஸ்டாஃபுன்னு நடுவுல பூந்தீங்க, பாருங்க!"

நின்றேன். டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். மறுநாள் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, "கிட்னி லேசா அடி வாங்கியிருக்கும்மா. ரெண்டையும் இன்னியோட நிறுத்துங்க, தேறிடும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா டயாலிசிஸ்தான்" என்றார்.

டயாலிசிஸுக்குப் போகிறவர்களை வீல் சேரில் தள்ளியவள் நான். அந்த நாற்காலியில் மனசுக்குள் என்னை உட்கார வைத்துப் பார்த்தேன்.

ஜெயந்திக்கு நேரில் நன்றி சொல்ல எனக்கு நா எழவில்லை. வீட்டு அவரைக்காயை ஒரு பை நிறையப் பறித்து, ஜன்னலில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். "எந்த நோய்க்குங்க இது, பச்சை?" என்று பின்னால் கத்தினாள்.

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவள் அவள். அதனால் இங்கே சொல்கிறேன் — நல்லா இரு தாயி.

வீக்கம் வடிகிறது. முட்டி வலிக்கத்தான் செய்கிறது. வெந்நீர் ஒத்தடமும் டாக்டர் சொல்லிக் கொடுத்த பயிற்சியுமாக ஓட்டுகிறேன்.

நேற்று டீ கொண்டு போனேன். டாக்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே டிராயரிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கினார். ரோஸ்.

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ...

"எந்த டாக்டர் எழுதினதுங்க சார்?"