மஞ்சள் எண்

பழைய மரங்களைத் தேடிப் பதிவு செய்கிற குழுவில் நாங்கள் ஐந்து பேர். ஞாயிறுதோறும் கிளம்பி, அடிமரத்தைச் சுற்றி டேப் பிடித்து அளந்து நோட்டில் எழுதுவோம். ஒரே மரத்தை இரண்டு முறை எழுதிவிடக் கூடாதென்று பட்டையில் ஒரு எண்ணும் போடுவோம். சாக்பீஸ் மழையில் அழிகிறது, மஞ்சள் பெயின்ட் வாங்குங்கள் என்று சண்டை பிடித்தவன் நான்.

அன்று காலை ஸ்ரீவராகம் பகுதி டீக்கடைக்காரர் போனில் கூப்பிட்டார். "சாரே, உங்க அயினி மரத்துல ஆள் ஏறியாச்சு. வேகம் வாங்க."

அயினி, பலா இனத்து மரம்; அவர் கடைப் பக்கம் நாங்கள் அளந்து பதிவு செய்தது. நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு பெரிய கிளை ரோட்டில் கிடந்தது. மேலே இருந்தவர் அடுத்த கிளையில் ரம்பத்தை வைத்துவிட்டார். தொண்டை கிழியக் கத்தினேன். ரம்பம் நின்றது. கீழே கயிறு பிடித்திருந்த மேஸ்திரி, தென்காசிப் பக்கத்துக்காரர், என்னை முறைத்தார்.

"யாரைக் கேட்டு வெட்டுறீங்க?" என்றேன்.

"ரோட்டை அகலப்படுத்த, நம்பர் போட்ட மரத்தையெல்லாம் வெட்டச் சொல்லியிருக்காவ. இந்தா இருக்குல்லா நம்பர்."

அவர் காட்டிய இடத்தில் மஞ்சளில் 17 என்று இருந்தது. ஏழின் நடுவே குறுக்குக் கோடு. என் கையெழுத்தேதான்.

"அது நான் போட்டது. மரத்தைக் காப்பாத்துறதுக்காகப் போட்டது."

மேஸ்திரி மேலே பார்த்து, இறங்கச் சொல்லிக் கை காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நேத்து கோட்டைப் பக்கம் ரெண்டு மரம் முடிச்சோம் சார். அதுலயும் இதே மஞ்சள்தான்."