நூற்றின் தலையில் ஒரு கோடு

அயர்லாந்தில், ட்ரம்கீலன் ஊரில் பிறந்த எவனும் ஏதாவது ஒரு ஆண்டு நிறைவுக்குக் கொடி பிடிக்காமல் வளர்ந்ததில்லை. 1798-இல் ஆங்கிலேயரை விரட்ட வந்த பிரெஞ்சுப் படை இந்தப் பக்கமாக நடந்துபோய்த் தோற்றதற்கு ஒரு விழா, பஞ்சத்துக்கு ஒன்று, 1916 ஈஸ்டர் எழுச்சிக்கு ஒன்று. ஜெயித்த நாளுக்கு மட்டும் விழா இல்லை; அப்படி ஒரு நாளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

விழாக்குழுவுக்கு இருபத்திரண்டு வருடமாகச் செயலாளர் லோர்கன் பிரன்டி. பதினான்கு வயதில் படிப்பை விட்டவன். பிறகு அதே பள்ளிக்கூடத்தில் கொதிகலனைப் பற்றவைத்து, தரை துடைத்து, கதவு பூட்டும் வேலைக்குச் சேர்ந்தான். கரும்பலகையில் இருந்த அயரிஷ் பாடத்தை அழிப்பதற்கு முன் ஒருமுறை படித்துவிடுவான். அப்படியே மொழி வந்துவிட்டது. ஊரில் வேறு யாருக்கும் அவ்வளவு வரவில்லை, பலகையில் எழுதியவர்கள் உட்பட.

1921 ஜூனில், விடுதலைப் போரின்போது, ஒரு பிரிட்டிஷ் ராணுவ லாரியைத் தாக்க ஒன்பது பேர் முச்சந்திப் பள்ளத்தில் மூன்று நாள் படுத்துக் கிடந்தார்கள். லாரி வேறு சாலையில் போய்விட்டது. புல் அறுக்கும் நேரமாகிவிட்டதென்று அவர்களும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். இதற்குத்தான் நூற்றாண்டு விழா. தொற்றுநோயால் தள்ளிப்போய் நூற்றியோராவது வருடத்தில் நடந்த நூற்றாண்டு விழா.

லோர்கன் அந்தப் போரில் இருந்தவர்கள் அரசுக்கு எழுதிய பழைய ஓய்வூதிய மனுக்களை வரி வரியாகப் படித்து ஒன்பது பெயரையும் எழுதினான். அதற்குள் தங்கள் தாத்தாவும் அங்கே படுத்திருந்ததாக நாற்பத்தொரு குடும்பங்கள் வந்து நின்றன. அவன் டேப்பை எடுத்துப்போய்ப் பள்ளத்தை அளந்தான்.

"பன்னெண்டு பேருக்கு மேலன்னா அடுக்கித்தான் வைக்கணும்" என்றான்.

நாற்பது குடும்பங்கள் முணுமுணுத்துக்கொண்டு போயின. போகாத ஒன்று குழுத் தலைவர் ஃபெலிம் மல்வீயுடையது.

கல்வெட்டு வாசகத்தைத் தலைவரே அயரிஷில் எழுதினார். துடைப்பம் பிடிப்பவன் திருத்த வேண்டாமென்று லோர்கனிடம் காட்டவில்லை. வியாழக்கிழமை கல் வந்து இறங்கியதும் லோர்கன் குனிந்து பார்த்தான்.

"கோடு எங்க, ஃபெலிம்?"

"எந்தக் கோடு?"

அயரிஷில் 'நூறு' என்ற சொல்லின் தலையில் ஒரு சாய்கோடு வேண்டும். கோடு விட்டுப்போனால் அது 'அனுமதி' ஆகிவிடும். தாக்குதலின் நூறாம் ஆண்டு, கல்லில் அனுமதி ஆண்டாகிக் கிடந்தது.

"ஒரு கோட்டுக்கா இந்தக் குதி? கல்தச்சனை சனிக்கிழமை வரச் சொல்றேன். கோட்டை வெட்டட்டும், அப்படியே கீழே எங்க தாத்தா பேரையும் வெட்டட்டும். நீ கையெழுத்துப் போட்டாப் போதும்."

செயலாளர் கையெழுத்தில்லாமல் கல்லில் பெயர் ஏறாது என்பது குழுவின் விதி.

"உங்க தாத்தா அன்னிக்கு மோஹில் சந்தையில கிடாரி வித்துக்கிட்டிருந்தாரு. அதனாலதான் வர முடியலன்னு மனுவில அவரே எழுதி வச்சிருக்காரு."

"பன்னெண்டு பேருக்கு இடம் இருந்துச்சுன்னு நீதானே அளந்து சொன்னே?"

"இடம் இருந்துச்சு. அவர்தான் இல்ல."

"அப்போ கோடும் இல்ல. ஊரே சிரிக்கும்போது தப்பு செயலாளரோடதுன்னு மைக்கில சொல்லிடுவேன், பாத்துக்க."

ஊரில் லோர்கனுக்கென்று இருந்த ஒரே சொத்து, தப்பில்லாமல் எழுதுகிறவன் என்ற பெயர்தான்.

சனிக்கிழமை அக்கா அட்ராக்டா அவனுடைய சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள்: "கையெழுத்தைப் போட்டுத் தொலையேன்டா. செத்தவங்க எழுந்து வந்து சண்டையா போடப் போறாங்க?"

"மூணு நாள் மழையில கிடந்திருக்காங்கக்கா."

"லாரிதான் வரலையே."

"லாரி வரல. அவங்க வந்தாங்கல்ல?"

அக்கா காலரை இன்னொரு முறை தேய்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விழாவில் கல்லின் திரை விலகியது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"அனுமதி வருஷமா? யாருப்பா அனுமதி கொடுத்தது, இங்கிலாந்து ராஜாவா?"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. ஃபெலிம் மைக்கைப் பிடித்தார்.

"இது முழுக்க முழுக்க நம்ம செயலாளரோட கவனக்குறைவு..."

லோர்கன் மேலங்கிப் பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்து, அக்கா தேய்த்த சட்டையோடு ஈரப் புல்லில் மண்டியிட்டான். பென்சிலால் சாய்வைக் குறித்துக்கொண்டு வெட்டத் தொடங்கினான்.

"என்னுடைய தாத்தா..." என்றார் ஃபெலிம்.

டக்.

"இதே பள்ளத்தில்..."

டக்.

ஃபெலிம் பேச்சை நிறுத்தினார். சிரித்துக்கொண்டிருந்த கூட்டமும் அடங்கி, உளியையே பார்த்தது.

முன்வரிசையிலிருந்து அட்ராக்டா சத்தமாகச் சொன்னாள்: "நீ பாட்டுக்குப் பேசு ஃபெலிம். பாதிக் கோடுதான் ஆகியிருக்கு, எங்களுக்கும் பொழுது போகணுமில்ல?"