கேட்டடியில் மட்டும் லைன்

தோட்டத்து கேட்டில் ராத்திரி ஜாகாவாகக் காவல் இருக்க, விழித்திருக்கத் தெரிந்தால் போதும் என்பார்கள்; வாயை மூடிக்கொண்டிருக்கவும் தெரிய வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. பகலில் தூங்கி, பொழுது சாய வேலைக்குக் கிளம்பும் என் இனத்தாருக்கு இது புரியும்.

எழுந்து நிற்காத குற்றம்

லிங்கி பக்கம் எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் கைப்பேசிக்கு லைன் கிடையாது. மேட்டிலுள்ள கேட்டடியில்தான் கிடைக்கும். சாயந்தரமானால் ஐந்தாறு பிள்ளைகள் என் கொட்டகை ஓரத்து சிமெண்டுக் கட்டையில் வந்து உட்கார்வார்கள். அவர்களில் தர்ஷினிக்கு இந்த வருடம் பள்ளியின் கடைசிப் பரீட்சையான எஸ்.பி.எம். கணக்குக்கு ஆன்லைன் டியூஷன் அங்கேதான்.

தோட்டத்து ஆட்களை மேய்த்து ஓய்வுபெற்ற மண்டோர் மாணிக்கம் அந்தப் பக்கம் நடை போனார். ஒரு பிள்ளையும் எழுந்து நிற்கவில்லை. என்னிடம் வந்து பொரிந்தார். அந்தக் காலத்தில் தொரையின் மோட்டார் காடி வந்தால் அவர் வயதுக்காரர்கள் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார்களாம். பயந்து இறங்கியதற்கு மரியாதை என்று எப்போது பேர் வைத்தார்களோ! நினைத்ததை என் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது போலும்.

"என்னடா மொறைக்கிற? நீயும் அதுங்க கட்சியா?"

போகாத புகார்

அடுத்த வாரம் கைப்பேசியோடு வந்தார். தோட்டத்து வாட்சாப் குழுவுக்கு வீட்டிலிருந்தே பேசி அனுப்பியிருக்கிறார், போகவில்லை. கண்ணாடியும் கொண்டு வரவில்லை. தர்ஷினியிடம் நீட்டினார். அவள் பாடத்தை நிறுத்திவிட்டு, பதிவை ஓடவிட்டாள். 'கேட்டடியில கூடுற பிள்ளைங்களுக்கு மட்டு மரியாதை இல்ல, மெனேஜர் வெரட்டி விடணும்' என்று அவர் குரல் கேட்டது. எல்லோரும் கேட்டோம். அவள் அனுப்பிவிட்டு, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

"போயிருச்சு தாத்தா. சத்தம் கொஞ்சம் கம்மி, ஆனா நல்லா வெளங்குது லா."

ஆர்டர்

மறுநாள் மெனேஜரின் ஆர்டர் வந்தது: கேட்டடியில் யாரும் உட்காரக் கூடாது. விரட்ட வேண்டியவன் நான். பிள்ளைகள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், "சரி அங்கிள்" என்று எழுந்து போனார்கள். தர்ஷினி மட்டும் கேட்டுக்கு வெளியே, செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் உரசிக்கொண்டு போகும் ரோட்டோரம் நின்றபடி கணக்குப் பாடம் கேட்டாள். ஒவ்வொரு லோரிக்கும் ஒதுங்கினாள்.

அந்த நேரம் பார்த்து மண்டோர் வந்து கட்டையில் உட்கார்ந்தார். சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு வீடியோ கால் பேச வேண்டுமாம். "ஐயா, யாரும் உட்காரக் கூடாதுன்னு ஆர்டர். எழுந்திரிங்க" என்றேன்.

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

சொன்னதும் எழுந்து போனவர்கள் மரியாதை தெரியாதவர்கள், எழுந்திருக்க மறுத்தவர் பெரிய மனிதர். நடுவில் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.