ஏரியை வலம் வந்த படகு

நான் திருவண்ணாமலையில் குடியிருக்கிறேன். என்னிடம் ஒரு படகு இருக்கிறது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை.

காற்றடிக்கிற ரப்பர் படகுதான். இரண்டு துடுப்பு, காலால் மிதிக்கும் பம்பு, ஆரஞ்சு நிறத்தில் ஒரு லைஃப் ஜாக்கெட். வாங்கக் காரணம் ஃபோனில் பார்த்த வீடியோக்கள். வடக்கே ஏதோ ஒரு குளிர்தேசத்துக் கடற்கரையில் சிலர் வீட்டை விட்டுவிட்டுப் படகிலேயே குடியிருக்கிறார்கள். இலையுதிர் காலம் வந்ததும் கரையோரம் நங்கூரம் போட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு காப்பி குடிக்கிறார்கள். கடல்நாய் ஒன்று தலையை நீட்டி விசாரித்துவிட்டுப் போகிறது. வாத்துகள் அவர்களைப் பொருட்படுத்தாமல் மேய்கின்றன. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் ஃபைல் தள்ளும் ஐம்பத்திரண்டு வயதுக்காரன் பார்க்கக் கூடாத காட்சி.

நமக்கு இலையுதிர் காலம் கிடையாது, ஐப்பசி உண்டு. அந்த மாதத்தில் ஏரி நிரம்பும், வெளியூர்ப் பறவைகள் வந்து இறங்கும். அது போதாதா என்று மனைவியிடம் கேட்டேன். அவள் படகு வந்த பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ரெண்டு நாள் மழை பேஞ்சா நம்ம தெருவுலயே விடலாமே. ஏரிக்கு எதுக்கு அவ்ளோ தூரம்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கரையில் உட்கார்ந்து பம்பை மிதித்துக்கொண்டிருந்தபோது, ஏரியில் மீன் பிடிக்கக் குத்தகை எடுத்தவர் வந்து நின்றார். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக்காரர், என் வயதுதான். அவருடைய வாகனம் தெர்மாகோல் பலகைகளை வலைக்கயிற்றால் கட்டிய ஒரு தெப்பம். அதில் அவர் சம்மணம் போட்டு டீ குடிப்பார். நான் படகில் ஏறும்போதே இரண்டு முறை விழுந்தேன்.

"குஞ்சு உட்டு பத்து நாள்தான் சார் ஆவுது" என்றார். "கட்லா, ரோகு. கையளவு வளந்துட்டா கவலை இல்ல. அதுவரைக்கும் இந்த நீர்க்காக்காதான் எமன். போன வருஷம் மொத்தத்தையும் தின்னுட்டுப் போயிடிச்சி. வலைய மூட்ட கட்டிட்டு சித்தாள் வேலைக்குப் போனேன்."

நான் வருத்தத்தோடு தலையாட்டினேன். அந்த நீர்க்காகங்களைப் பார்க்கத்தான் நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக வந்திருக்கிறேன் என்பதைச் சொல்லவில்லை. படித்தவர்களுக்கு இந்த வசதி உண்டு. இரண்டு கட்சிக்கும் தலையாட்டலாம்.

முதல் நாள் ஏரி முழுக்கப் பறவைகள். நீர்க்காகம், கொக்கு, நாமக்கோழி, பெயர் தெரியாத வாத்துகள். கரையிலிருந்தே ஒரு பக்கம் எழுதி நிரப்பிவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன். அதன் பிறகு தினமும் ஆபீஸ் போவதற்கு முன்னால் ஒரு சுற்று. ஒரு வாரத்தில் எழுத அரைப் பக்கம்கூடத் தேறவில்லை. பத்தாம் நாள் எழுதியது: "ஒரு கொக்கு. ஒருவேளை பிளாஸ்டிக் பை."

ஆபீஸில் இதற்கு விளக்கம் கொடுத்தேன். பருவநிலை மாறிவிட்டது, வலசைப் பாதை தெற்கே நகர்ந்துவிட்டது என்று மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் பேசினேன். குத்தகைக்காரருக்கு மட்டும் என்மேல் நாளுக்கு நாள் அன்பு கூடிக்கொண்டே போனது. நான் வந்ததும் படகைப் பிடித்துக்கொள்வார், பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றுவார். "டெய்லி வாங்க சார், லீவு போடாதீங்க" என்பார். இந்த ஊரில் என் படகை மதித்த ஒரே மனிதர் என்று நெகிழ்ந்தேன்.

அடுத்த ஞாயிறு மனைவி கரைமேல் நடக்க வந்தாள். நான் ஒரு சுற்று முடித்துக் கரை ஏறியதும் கேட்டாள்.

"ஏங்க, பறவையே இல்லன்றீங்களே, உங்களுக்கு முன்னாடி கூட்டம் கூட்டமா பறந்துது, பாக்கலயா?"

பார்க்கவில்லை. இந்த மாதிரிப் படகில் துடுப்புப் போடுகிறவன் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். நான் பார்த்ததெல்லாம் நான் ஏற்கெனவே காலி செய்துவிட்டு வந்த தண்ணீரைத்தான்.

"அதுவும் ஒரே பக்கமா சுத்துறீங்க. அதுங்களும் உங்களுக்கு முன்னாடியே போயி, கடைசில தண்ணி வழியற கலங்கல் தாண்டி அடுத்த ஏரிக்குப் போயிடுது. ஒருதரம் எதிர்ப்பக்கமாதான் போய்ப் பாருங்களேன்."

அதுவரை எனக்கே தெரியாது. ஏரியை நான் தினமும் வலமாகவே வந்திருக்கிறேன். யாரும் சொல்லவில்லை, ஏரி நடுவில் சாமியும் இல்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றிய உடம்பு, தண்ணீரில் போட்டாலும் வலமாகத்தான் போகும் போலிருக்கிறது. மறுநாள் இடமாகப் போக முயன்றேன். கொஞ்ச தூரத்தில், செருப்போடு கோயிலுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி ஒரு கூச்சம் வந்தது. படகைத் திருப்பிவிட்டேன்.

பறவைகளை நிம்மதியாக விடுவதே பெருந்தன்மை என்று முடிவு செய்து, காற்றைப் பிடுங்கிப் படகைப் பரணில் போட்டேன். நான்காம் நாள் குத்தகைக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஒடம்பு சரியில்லையா சார்? மூணு நாளா நீங்க வரல, நீர்க்காக்கா பூரா வந்து எறங்கிடிச்சி. போன வருஷம் பட்டாசு வெச்சேன், தகரம் தட்டுனேன், ஒண்ணும் அசையல. உங்கள பாத்தாதான் ஓடுது. குஞ்சு விரல் நீளம் வந்திருக்கு சார். இன்னும் ஒரு மாசம் தப்பிச்சா போதும்."

மனைவி உள்ளே போய்விட்டாள். அவள் அங்கே சிரித்தது வாசல்வரை கேட்டது.

நோட்டுப் புத்தகத்தை மேசையிலேயே வைத்துவிட்டு, மறுநாளிலிருந்து வேலைக்குப் போனேன். வேறு எப்படிச் சொல்வது? காலை ஆறரைக்கு ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஒரு சுற்று. ஊசிவால் வாத்து ஒன்றை வாழ்க்கையில் முதன்முறையாகக் கிட்டத்தில் பார்த்ததும் அப்போதுதான். என் தலைக்கு மேலாக எதிர்த்திசையில் தப்பிப் பறந்த அதன் பின்பக்கத்தைப் பார்த்தேன். குஞ்சுகள் வளர்ந்தன. எனக்கும் மெல்ல ஒரு கர்வம் வந்தது. ஒரு குடும்பத்தின் பிழைப்பு என் துடுப்பில் இருக்கிறது என்று ஆபீஸில் யாருக்குச் சொல்ல முடியும்?

கார்த்திகை வந்தது. தீபக் கூட்டத்துக்காக எங்கள் ஆபீஸில் எல்லாருக்கும் பத்து நாள் கூடுதல் டியூட்டி போட்டார்கள். கனத்த மனதோடு கரைக்குப் போனேன். பத்து நாள் என்னால் வர முடியாது, மீன்களை நினைத்தால் தூக்கம் வரவில்லை என்றேன்.

குத்தகைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பரவால்ல சார், நீங்க டூட்டிய பாருங்க. அந்த ஆரஞ்சு சட்டைய மட்டும் குடுத்துட்டுப் போங்க. ஒரு குச்சில மாட்டி நட்டு வெச்சிக்கறேன்."